போவேன் என்று சொன்ன பதினொரு பேர்

காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். கணினியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மஞ்சள் நிறம். நானூறு வரிசைகள் கொண்ட அட்டவணையில் பதினொரு வரிசைகள் மஞ்சளாகியிருந்தன. பதினொன்றின் வலது ஓரத்திலும் ஒரே தொகுப்பாளரின் எண். அது என் மன்னியின், அதாவது அண்ணா மனைவியின் எண்.

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் எங்கள் அலுவலகம் ஐந்தாவது மாடியில் இருக்கிறது. பத்திரிகையில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு, எங்கள் பதிப்பை மூடிய பிறகு, ஐம்பத்து மூன்றாவது வயதில் இங்கே சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த மாதங்களில் எங்களுக்கு வந்தது அமெரிக்க வேலை. அங்கே ஒரு கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாகத் தேர்தல் நடத்துகிறது. பிரைமரி என்கிறார்கள். அதற்கு முன்பு கருத்துக் கணிப்புக்காரர்கள் வாக்காளர்களைத் தொலைபேசியில் அழைப்பார்கள். அங்கே மாலையில் பேசியதன் ஒலிப்பதிவு நமக்குக் காலையில் வந்துசேரும். பெயரும் ஊரும் வெட்டப்பட்டு எண் மட்டும் இருக்கும்.

யாரை ஆதரிக்கிறீர்கள் என்பதை அழைப்பவரே குறித்துக்கொண்டுவிடுவார். வாக்களிக்கப் போவீர்களா என்ற கேள்விதான் எங்களுடையது. அதற்கு யாரும் ஆம், இல்லை என்று பதில் சொல்வதில்லை. முழங்கால் வலியில் தொடங்கி, பனியில் வழுக்கும் படிக்கட்டு வழியாக, பேரனின் கல்யாணம் வரைக்கும் போவார்கள். அதைக் கேட்டு ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண் போட வேண்டும். ஒன்று என்றால் நிச்சயம் போவார். ஐந்து என்றால் நிச்சயம் போகமாட்டார். எதிலும் அடங்காததற்குத் தொண்ணூற்றெட்டு, அதாவது ‘மற்றவை’. பிரைமரிக்குப் பொதுத்தேர்தல் அளவுக்குக் கூட்டம் வராது. அதனால் யாரைப் பிடிக்கும் என்பதைவிட யார் வீட்டைவிட்டுக் கிளம்புவார் என்பதே கணிப்பில் பெரிய கேள்வி. ஐந்து வாங்கியவரின் விருப்பம் கணக்கில் சேராது.

ஒவ்வொரு பதிவையும் இரண்டு தொகுப்பாளர்கள் தனித்தனியாகக் கேட்பார்கள். இருவரும் போட்ட எண்கள் வெகுவாக விலகினால் வரிசை மஞ்சளாகும். மன்னி பதினொரு பேருக்கு ஐந்து போட்டிருந்தார். அதே பதினொரு பேருக்கு மற்றவர் ஒன்றோ இரண்டோ போட்டிருந்தார்.

எங்கள் குழுத் தலைவிக்கு இருபத்தெட்டு வயது. பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த தமிழ்ப்பெண். வேலை விஷயத்தில் உறவு பார்க்கமாட்டாள். என் மேசைக்கு வந்து, திரையைப் பார்த்து, மன்னியைப் பற்றி மெதுவாகத்தான் சொன்னாள்.

“சாரே, டீச்சர்க்கு இங்கிலீஷ் எங்க எல்லாரையும் விட நல்லாத் தெரியும். பின்னெ இது எப்படி? காரணம் எழுதித் தாங்க. இல்லெங்கி புராஜக்ட்லேந்து மாத்தணும்.”

மாலைக்குள் பதினொரு பதிவுகளையும் கேட்டு முடித்தேன். பதினொரு பேரும் ஏதாவது ஒரு விதத்தில் போவேன் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இன்னொன்றும் பொதுவாக இருந்தது. பதினொரு பேச்சிலும், கேட்காமலே, ஒரு சாவு வந்தது. கணவர், மனைவி, ஒரு அக்கா, ஒரு மகன்.

என் அண்ணா போனது ஐப்பசியில். இது பங்குனி.

கரமனையில் எங்கள் வீட்டுக்கும் அண்ணா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மன்னி பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள், அங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மன்னி போகவில்லை. வாசலுக்கே வரவில்லை. கொல்லையில் துணி உலர்த்துவார், கூடத்தில் உட்கார்ந்து படிப்பார். காய்கறி என் மனைவி வாங்கிக் கொடுப்பாள். எங்கள் தெருவில் அந்த முதல் வருஷத்துக்குச் சில வழக்கங்கள் உண்டு. கோவில் இல்லை, கல்யாணம் இல்லை, பிறத்தியார் வீட்டுப் படி ஏறுவது இல்லை. மாதாமாதம் செய்யும் மாசியச் சடங்கை நான்தான் செய்தேன். ஆனால் தெருவிலேயே மற்ற பெண்கள் பதிமூன்று நாள் கழித்து வங்கிக்கும் மருந்துக்கடைக்கும் போய் வந்திருக்கிறார்கள். வழக்கம் எங்கே முடிகிறது, மன்னியின் மனம் எங்கே தொடங்குகிறது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையில் ஒரு வேலை இருந்தால் நல்லது என்று அந்த மடிக்கணினியைக் கொண்டுபோய் வைத்தது நான்தான். அமெரிக்கர்களின் முழங்கால் வலியை அவர் ரசித்தார். என் தலை முழுக்க நரைத்த பிறகும் மன்னிக்கு நான் அம்பிதான். “கேட்டியா அம்பி, இன்னிக்கு ஒருத்தர், நாயை ஓட்டுப் போட விட்டா நானும் வரேன்கறார்” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பார். அண்ணா போனபின் அந்தச் சிரிப்பு அப்போதுதான் திரும்பியிருந்தது. அதை எடுத்துவிடும் செய்தியோடு நான் அன்று ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குள் நுழைந்தேன்.

பதினொரு பதிவுகளின் எண்களையும் எழுதிய தாளை நீட்டினேன். மன்னி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எது எது என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நாலாவது எண்ணில் விரலை வைத்தார்.

“இவளைப் போடு.”

போட்டேன். எழுபது வயதுக் குரல். கணவர் ஜனவரியில் போய்விட்டார் என்றது. வண்டி ஓட்டுவது அவர்தான்; தனக்கு ஓட்டத் தெரியாது; வாக்குச்சாவடி நாலு மைல். நாற்பது வருஷமாகச் சேர்ந்தே போயிருக்கிறோம் என்றது. கொஞ்சம் இடைவெளி. பிறகு, போவேன், கட்டாயம் போவேன் என்றது. அழைத்த பையன் நன்றி சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

“கட்டாயம்னு சொல்றாளே மன்னி,” என்றேன்.

“சொல்லுவா. போமாட்டா, அம்பி. ரேழி வரைக்கும் வருவா. செருப்பைக் கூட மாட்டிண்டுடுவா. அப்பறம் திரும்பி உள்ள போயிடுவா.”

கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவே இருக்கிற எங்கள் இருட்டு ரேழி அமெரிக்காவில் கிடையாது. மன்னியின் செருப்பு ரேழியில், சுவரோரமாக, வாசலைப் பார்த்தபடி இருந்தது. வரும்போதே அதைப் பார்த்திருந்தேன். அண்ணா போன பிறகு மாட்டிக்கொண்டு, போகாமல் அங்கேயே கழற்றி வைத்த செருப்பு அது என்பது அப்போதுதான் உறைத்தது.

விதியை மட்டும் சொன்னேன். சொன்னதைத்தான் குறிக்க வேண்டும். நமக்குத் தெரிந்ததைக் குறிக்கக் கூடாது. இருபத்தெட்டு வருஷம் பரீட்சைத்தாள் திருத்தினவருக்கு அதை நான் சொல்லவேண்டியிருந்தது. மன்னி பதினொன்றையும் திறந்து அப்போதே மாற்றினார். நாலாவதுக்கு மட்டும் நேரம் எடுத்தது. ஐந்தை அழித்து, ஒன்று போட்டு, கையை எடுத்துவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காரணம் எழுதிக் கொடுத்தேன். துக்கம் நேர்ந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே போகமாட்டார்கள் என்று தொகுப்பாளர் தம் ஊர் வழக்கப்படி எண்ணிவிட்டார் என்பது வரை எழுதினேன். அதற்குமேல் எழுதவில்லை. குழுத் தலைவி படித்துவிட்டுத் தாளை மடித்தாள். அவள் அப்பா இறந்தபோது அம்மா எட்டாம் நாள் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள் என்றாள். போகாவிட்டால் லயத்துவீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். டீச்சர் இருக்கட்டும் சாரே, என்று முடித்தாள். இனி பத்து நாளைக்கு டீச்சர் பதிவுகள் எல்லாவற்றையும் நீங்கள் கேட்க வேண்டும் என்றும் சொன்னாள்.

பதினொன்றைத் திருத்தியதால் கணிப்பில் பெரிதாக எதுவும் மாறவில்லை. முன்னால் இருந்தவரே முன்னால் இருந்தார்.

அந்த மாநிலத்தில் தேர்தல் நடந்து ஒரு வாரம் கழித்து மறு அழைப்புப் பதிவுகள் வந்தன. முன்பு பேசியவர்களையே திரும்பக் கூப்பிட்டு, போனீர்களா என்று கேட்பது வழக்கம். கணிப்பு எங்கே தவறியது என்று தெரிந்துகொள்வதற்காக. பதினொரு பேரில் ஆறு பேர் எடுத்தார்கள். நான்கு பேர் போயிருந்தார்கள். இரண்டு பேர் விஷயத்தில் மன்னி போட்ட எண்தான் சரியாக இருந்தது. அந்த நாலாவது எண் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள நான் அட்டவணையை முதலில் திறக்கவில்லை. பதிவை மன்னிக்கு அனுப்பிவிட்டு, மாலையில் போய் அவரோடு உட்கார்ந்து கேட்டேன்.

போனேன் என்றது அந்தக் குரல். பக்கத்து வீட்டுக்காரி வண்டியில் அழைத்துப் போனாள். உள்ளே இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து வண்டியில் ஏறியதும் உடனே கிளம்ப முடியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவளும் வண்டியை எடுக்கவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. அவ்வளவுதான். வேறு ஏதாவது வேண்டுமா, என்று கேட்டது குரல்.

மன்னி இன்னொரு தடவை போடச் சொன்னார். இரண்டாவது தடவை, உட்கார்ந்திருந்த இடத்தில் நிறுத்தினார்.

“இதுக்கு என்ன நம்பர்?”

“போனதுக்கு ஒண்ணு.”

“அது தெரியறது. அப்பறம் உக்காந்திருந்ததுக்கு?”

“அதுக்கு நம்பர் இல்லை மன்னி. தொண்ணூத்தெட்டு.”

தலையாட்டிவிட்டு, அந்த எண்ணையே போட்டார்.

அப்போது எங்கள் ஊரிலும் தேர்தல் நெருங்கியிருந்தது. மக்களவைத் தேர்தல், ஏப்ரல் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை. கரமனைப் பாலத்தில் மூன்று கட்சிக் கொடிகளும் காற்றில்லாமல் தொங்கின. அண்ணாவும் மன்னியும் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. ஏழு மணிக்கு வரிசையில் நிற்பார்கள். ஆண்கள் வரிசை வேறு, பெண்கள் வரிசை வேறு. யார் முதலில் முடிக்கிறாரோ அவர் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே, தண்ணீர்க்குழாய் அருகில் காத்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. ஆண்கள் வரிசை எப்போதும் வேகமாக நகரும். காத்திருந்தது எப்போதும் அண்ணாதான். யாருக்குப் போட்டோம் என்பதை ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. ஊகித்துக்கொண்டு, திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை போடுவார்கள்.

மார்கழியில் வாக்காளர் பட்டியல் திருத்த வந்த அங்கன்வாடி டீச்சர் ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இறந்தவரின் பெயரை நீக்க வீட்டார் எழுதிக் கொடுக்கும் படிவம். தெருவில் யாருக்கு எந்தப் படிவமானாலும் நிரப்பிக் கொடுப்பது மன்னிதான். இதை அண்ணாவின் கண்ணாடிக்கூட்டுக்கு அடியில் வைத்தார். அது நிரப்பாமலே அங்கேயே இருந்தது.

தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு கட்சிக்காரர் ஒருவர் பூத் சிலிப்போடு வந்தார். எங்கள் தெருவுக்குப் பல வருடங்களாக வருகிறவர்தான். பாகம், வரிசை எண், சாவடி எல்லாம் எழுதின துண்டுச்சீட்டை எனக்கும் என் மனைவிக்கும் கொடுத்தார். மன்னி இருக்கும் அடுத்த வீட்டைக் கடந்து அதற்கடுத்த வீட்டுக்குப் போகத் திரும்பினார். அவர் கையில் பட்டியல் இருந்தது. எதிரே நிற்பவர் கையிலுள்ள தாளைத் தலைகீழாக வாசிப்பது பத்திரிகை வேலை கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம். பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சில் குறிகள். வருவார் என்றால் சரிக்குறி, சந்தேகம் என்றால் வட்டம். மன்னியின் பெயருக்கு நேரே பெருக்கல் குறி.

அடுத்த வீட்டுக்கு இல்லையா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சாரே, அது மரண வீடல்லே? ஒரு வருஷம் திகையலையே, ஆறு மாசமல்லே ஆச்சு. போயி சிலிப் நீட்டினா மோசமாக்கும்.”

மரியாதையாகத்தான் சொன்னார். அந்த வீட்டைக் கடக்கும்போது சட்டைப்பையிலிருந்த கைப்பேசியின் பாட்டைக்கூட நிறுத்தினார்.

இதை மன்னியிடம் சொல்லலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். சொன்னால் போகச்சொல்லி நெருக்குவதுபோல ஆகும். சொல்லாவிட்டால் அவருக்கும் சேர்த்து நானே ஓர் எண் போட்டதுபோல ஆகும். மறுநாள் சாயங்காலம், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

மன்னி காபி ஆற்றிக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்தார்.

“ஓஹோ. எனக்கும் அஞ்சு போட்டுட்டானா.”

“பெருக்கல்.”

“அதுதான் அஞ்சு.” சிரித்தார். சிரிப்பு முடிந்ததும், “என்னைக் கேட்டானோ?” என்றார்.

கேட்கவில்லை என்றேன். மன்னி காபியை மறுபடி ஆற்றினார். பிறகு, டவராவைப் பார்த்தபடியே சொன்னார்.

“யாரும் போகாதேன்னு சொல்லலை அம்பி. போறதும் எனக்குக் கஷ்டமில்லை. அஞ்சு நிமிஷ நடை. உள்ள போவேன், மை வெப்பா, அமுக்குவேன். வெளில வரச்சேதான். அந்தக் குழாய்கிட்ட பார்க்கணுமே.”

பதிவில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வண்டியை எடுக்கவுமில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை என்பது நினைவுக்கு வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் என் மனைவியும் ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். அண்ணா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நாங்கள் போய் வாக்களித்துவிட்டு எட்டு மணிக்குத் திரும்பியபோதும் சாத்தியிருந்தது. என் மனைவி உள்ளே போய்விட்டாள். நான் வெயில் ஏறும்வரை வாசலில் பேப்பரோடு நின்றேன். ஒன்பதே கால் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ரேழியில் செருப்புச் சத்தம் கேட்டது. நின்றது. திரும்பி உள்ளே போகும் சத்தம். நான் பேப்பரில் ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. சாம்பல் நிறப் புடவை, கையில் அடையாள அட்டை, குடை. மன்னி என்னைப் பார்த்தார்.

“நீ இன்னும் போடலையா?”

விரலைக் காட்டினேன்.

“பின்ன ஏன் நிக்கறாய்? வா.”

தெருவில் நடந்தோம். இரண்டு வாசல்களிலிருந்து ஆட்கள் பார்த்தார்கள். ஒருத்தர் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்துக்கு இருநூறு மீட்டர் முன்னால் கட்சிகளின் மேசைகள். பட்டியலோடு உட்கார்ந்திருந்த அந்தக் கட்சிக்காரர் மன்னியைக் கண்டதும் எழுந்துவிட்டார். மன்னி நேராக அவரிடம் போனார்.

“என் சிலிப் எங்க?”

அவர் வேகமாகத் தேடி, பாகமும் வரிசை எண்ணும் எழுதிக் கொடுத்தார். “டீச்சரே, ஞான் நினைச்சேன்...” என்று ஆரம்பித்தார். “தெரியும்,” என்றார் மன்னி. “ஞானும் அப்படித்தான் நினைச்சிண்டிருந்தேன்.” பட்டியலில் பெருக்கல் குறியை அவர் அழிப்பாரா என்று நான் பார்த்தேன். அழிக்கவில்லை. அதன்மேலேயே ஒரு சரிக்குறி போட்டார்.

நான் உள்ளே போக முடியாது. கேட்டுக்கு வெளியே, தண்ணீர்க்குழாய் அருகில் போய் நின்றேன். சரியாக அதே இடத்தில் நிற்கலாமா, சற்றுத் தள்ளி நிற்கலாமா என்பது எனக்கு ஒரு பெரிய கேள்வியாக இருந்தது. மூன்று அடி தள்ளி நின்றேன். பெண்கள் வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

மன்னி வெளியே வந்தபோது முதலில் குழாயைத்தான் பார்த்தார். பிறகு என்னை. குழாய்க்குப் பக்கத்தில் இருந்த சிமென்ட் மேடையில் குடையை வைத்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். வரிசையில் இன்னும் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் எங்களைப் பார்த்துவிட்டுக் கடந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து, எப்படி இருந்தது மன்னி, என்றேன். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

“தொண்ணூத்தெட்டு,” என்றார்.

பிறகு, உள்ளே நடந்ததைச் சொன்னார். அதிகாரி சீட்டைப் பார்த்துவிட்டு, அவசரத்தில் ஒரு வரி மேலே போய், அண்ணாவின் பெயரை உரக்க வாசித்தாராம். கட்சி ஏஜென்டுகள் தலை நிமிர்ந்தார்களாம். மன்னி, அது இல்லை, அதற்குக் கீழே, என்றாராம். அதிகாரி மன்னிப்புக் கேட்டுவிட்டு மன்னியின் பெயரை வாசித்து, வாக்களிக்க வந்ததற்கு அடையாளமாகக் கோடு போட்டார். மேலே இருந்த பெயரில் கோடு இல்லை.

அன்று மாலை அந்தச் சாவடிக்கு வந்தவர்கள் எத்தனை பேர், வராதவர்கள் எத்தனை பேர் என்று எழுதி மூடினார்கள். வராதவர்களின் எண்ணிக்கையில் அண்ணாவும் ஒருவர்.